கையிலுள்ளது கொண்டு செய்யும் தொண்டு

(ஒரகடத்தில் கூடிய நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அன்றாடம் நம் கையிற் புழங்கும் தொழிலையும் பொருளையுங் கொண்டு, கிறிஸ்தவ விசுவாசத்தின் ஏவுதலால் பிறர்க்குத் தொண்டு செய்வது எங்ஙனம் என்பதே இன்று யான் பேசுமாறு சங்கத்தார் பணித்த பொருளாகும். இதனைக் கேட்டமாத்திரத்தில், இது குருமார்க்கும் உபதேசிமார்க்கும் உரிய விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். கையில் மிகுதியான செல்வம் இருந்தாலன்றோ தருமத்தைப்பற்றிப் பேசவேண்டும் என்று வேறு சிலர் கருதவுங் கூடும். இவ்விரண்டு எண்ணங்களும் பொருந்தா என்பதை முதலிற் காட்டி, பின்பு நம் பக்கத்துச் சரித்திரத்தில் நிகழ்ந்த சில உண்மைகளை எடுத்துரைத்து, முடிவில் நம் சங்கம் செய்யத்தக்க சில காரியங்களை விண்ணப்பித்துக்கொள்வேன். இச்சபையில் கிறிஸ்தவரும் உளர், அல்லாதாரும் உளர். யான் கூறும் நெறி கிறிஸ்தவ வேதத்தினின்றும் எடுத்ததேயாயினும், அதன் பயன் எல்லோர்க்கும் பொதுவாதலின், எல்லோரும் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றேன்.

1. வழிப்போக்கனின் மூட்டை

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்திலே இயேசு பெருமான் சொன்ன ஒரு கதை உண்டு. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் ஒருவன் கள்வரால் அடியுண்டு, உயிர் ஊசலாடக் கிடந்தான். அவ்வழியே வந்த ஆசாரியன் கண்டும் விலகிப் போனான். லேவியனும் அவ்வாறே செய்தான். மூன்றாவதாக வந்த சமாரியன் ஒருவனே இரங்கி, அவன் காயங்களுக்கு எண்ணெயும் திராட்சரசமும் இட்டுக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்திற் சேர்த்து, இரவெல்லாம் பேணினான். மறுநாள் சத்திரக்காரனிடத்தில் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவு நேரின் மீண்டு வரும்போது தருவதாகவும் உறுதி கூறினான்.

இக்கதையை நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். ஆயினும், அச்சமாரியன் கொடுத்தவை யாவை என்று ஒருகாலேனும் கணக்கெடுத்துப் பார்த்ததுண்டா? சிறிது எண்ணெய், சிறிது இரசம், கட்டுதற்குத் துணி, ஏறிவந்த மிருகம், அக்காலத்துக் கூலியாளின் இரண்டு நாட் கூலியாகிய இரண்டு வெள்ளிக்காசு, ஓர் இரவின் உறக்கம், ஒரு வாக்கு. இவ்வளவே. தருமத்திற்கென்று அவன் எதையும் தனியே எடுத்து வரவில்லை. தன் பிரயாணத்திற்கென்று கட்டி வந்த மூட்டையையே அவிழ்த்தான். புண்ணைக் கட்டும் முறை அவனுக்குத் தெரிந்திருந்தது, அதனையும் கொடுத்தான்.

அன்றியும், அவன் யார் என்பதனையும் நோக்குதல் வேண்டும். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் புழங்காத இனத்தார். “எனக்குப் பிறன் யாவன்?” என்று ஒரு நியாயசாஸ்திரி வினவியதற்கு விடையாகவே இக்கதை சொல்லப்பட்டது. எவ்வளவு தூரம் வரைக்கும் உதவினாற் போதும், எவ்விடத்தில் வேலியிட்டுக்கொள்ளலாம் என்று அறிவதே அவனுடைய கருத்து. பெருமானோ, வேலிக்கு அப்புறத்திலுள்ள ஒருவனையே உதவி செய்தவனாக நிறுத்திக் காட்டினார்.

ஆகவே இக்கதையினின்றும் பெறப்படுவன இரண்டு. கையிலுள்ளதைக் கொடு என்பது ஒன்று; வேலியைக் கடந்து கொடு என்பது மற்றொன்று. முன்னதை எல்லோரும் எளிதில் ஒப்புக்கொள்வர். பின்னதே நம்மைப் போன்ற குலச்சங்கத்தார்க்குக் கடினமானது. அதனை மறைத்துவைத்துப் பேசுதல் தகாது.

வேதத்தில் இக்கருத்துக்குச் சான்றுகள் பல. மோசே கையிலிருந்தது ஆடு மேய்க்கும் கோலே. கடவுள் அக்கோலையே கருவியாகக் கொண்டார். ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொன்னும் வெள்ளியும் மரமும் இழைத்த பெசலெயேலின் கைத்திறன் தேவ ஆவியின் வரமென்று யாத்திராகமம் கூறுகின்றது. யோப்பா பட்டினத்துத் தபீத்தாள் ஊசியும் நூலுங் கொண்டு விதவைகளுக்கு ஆடை தைத்துக் கொடுத்தவள். அவள் இறந்தபோது அவ்விதவைகள் அவ்வாடைகளையே எடுத்துக்காட்டி அழுதனர். அப்போஸ்தலனாகிய பவுல் கூடாரத்தொழில் செய்து தன் ஜீவனத்தையும் உடனிருந்தோர் தேவையையும் நடத்தினார். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஆண்டவரே தச்சராயிருந்தவர். ஆதலின், தொழில் வேறு, தொண்டு வேறு என்று பிரித்தெண்ணுதற்குக் கிறிஸ்தவ வேதத்தில் இடமில்லை.

2. நாம் வாழும் நிலம்

இனி, நாம் வாழும் இடத்தைச் சற்று நோக்குவோம். ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் அவதரித்த தலம். கோபுரத்தின்மீதேறித் தாம் பெற்ற மறைப்பொருளை யாவர்க்கும் அறிவித்தார் என்று வழங்கும் அம்மகானுடைய ஊரில், கொடையின் எல்லையைப்பற்றிப் பேசுவது பொருத்தமானதே. இந்நாடு ஏரிகளின் நாடு. வள்ளுவர் பெருமான் ஒப்புரவு கூறுமிடத்து, உலகுக்கு உதவுவோன் செல்வத்தை ஊரார் உண்ணும் நீர்நிலைக்கு ஒப்பிட்டது நம்மவர்க்கு நன்கு விளங்கும். ஏரி, தன்னிடம் வரும் குடம் எவருடையது என்று கேட்பதில்லை.

அவ்வேரிக்கரைகளின் அருகே இன்று ஆலைகள் நிற்கின்றன. 1996-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் அடியெடுத்துவைத்து, 1998-இல் கார்களை வெளியிடத் தொடங்கினர். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸ்ஸான் ஆலையும், 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் வேலையைத் தொடங்கின. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் கூடும் ஒரகடத்துச் சந்திப்பில் ஷிப்ட் மாறும் வேளையில் நின்று பார்ப்போர், தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களின் பேச்சையும், ஒடியா, பீகார், அஸ்ஸாம் நாட்டாரின் பேச்சையும் ஒருங்கே கேட்கலாம்.

இவ்விடத்திற் கூலியுண்டு, கடையுண்டு, வண்டியுண்டு. குறைவாயிருப்பது அறிமுகமே. ஊரை விட்டு வந்த இளைஞன் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால், கஞ்சி வைத்துக் கொடுக்கத் தாயில்லை. அறையில் இருவர் மூவர் இரவு வேலைக்குப் போயிருப்பர்; மற்றவர் உறங்கிக்கொண்டிருப்பர். இத்தகைய இடத்தில் பணத்தாலாகிய தருமத்தினும் பழகிய கையாலாகிய தருமமே மிகவும் வேண்டப்படுவது.

மேலும், ஆலைகள் நிலைத்திருப்பன என்று எண்ணவும் வேண்டா. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014-ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்தியது. பல்லாயிரவர் வேலையிழந்தனர். ஆலை போயிற்று, அவர்கள் கையும் கண்ணும் கற்றிருந்த நுட்பம் போகவில்லை. உத்தியோகம் பிறர் கொடுப்பது, எடுப்பது. திறனோ நம்முடனே இருப்பது. ஆகையால் நாம் கொடுக்கத்தக்கவற்றுள் தலையாயது அதுவேயாம்.

3. நம் பக்கத்துச் சரித்திரம்

இந்நெறி நம் ஜில்லாவுக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலே நிலமற்ற பண்ணையாட்களின் நிலை மிகவும் இரங்கத்தக்கதாயிருந்தது. கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் அதுபற்றி எழுதிய அறிக்கையை அறியாதார் சிலரே. அக்காலத்தில் செங்கற்பட்டிலிருந்த ஸ்காட்லாந்து மிஷனைச் சார்ந்த ஆடம் ஆண்ட்ரூ என்பாரும், திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்த வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த வில்லியம் கௌடி என்பாரும் அம்மக்களுக்காக உழைத்தனர். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனுக் கொடுக்க ஏழைக்கு உரிமை ஏட்டளவில் இருந்தும், மனுவை எழுதவோ, அதன்பின் கச்சேரிக்கு நடக்கவோ அவனால் இயலவில்லை. இவ்விருவரும் அதற்குத் துணை நின்றனர். பேனா பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய தொண்டு இது. ஆயினும் அக்காலத்து நிலவுடைமையாளர் பலர்க்கு இது பெருங்கோபத்தை விளைத்தது. எளிய திறனும், அதனைப் பெறாதவனிடம் சென்று சேரும்போது, எத்துணை வலிமையுடையதாகின்றது என்பதற்கு இக்கோபமே சான்று.

ஆண்ட்ரூ பாதிரியார் சிங்கப்பெருமாள்கோயிற் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்னும் குடியிருப்பை உண்டாக்கி, நிலமற்றோரைக் குடியேற்றிப் பயிர்த்தொழிலில் நிலைபெறச் செய்தார். திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டிலே பெண்களுக்குச் சரிகைப் பின்னலும் பூத்தையலும் கற்பிக்கப்பட்டன. இத்தையற்றொழில் தெற்கேயும் முன்னரே பரவியிருந்தது. நாகர்கோயிலில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா அம்மையார் தாம் அறிந்த லேஸ் பின்னலை அங்குள்ள பெண்களுக்குக் கற்பித்தார். அதனால் வந்த ஊதியத்தைக் கொண்டு அடிமைநிலையினின்றும் தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. அவர் மகளாகிய எலைசா அம்மையார், கால்டுவெல் ஐயரை 1844-இல் மணந்து, அத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். ஓர் அம்மையாரின் ஓய்வுநேரக் கைவேலையாயிருந்தது, மற்றொருத்திக்கு விடுதலைப் பத்திரமாயிற்று. நாம் அற்பமென்று கருதும் திறன் எவருடைய வாழ்வில் எவ்வளவு பெரிதாய் விளங்கும் என்பதை நாம் முன்னதாகவே அளந்துவிட முடியாது.

4. கை

இவற்றினும் நம் காலத்துக்கு அணுக்கமான ஒரு சரிதத்தைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். நம்முடைய தொழிற்பகுதி இயந்திரங்களின் பகுதி. இங்கே கை என்பது உயிர்க்கு அடுத்ததாகக் காக்கப்படவேண்டிய உறுப்பு. இச்சரிதமும் கையைப்பற்றியதே.

பால் பிராண்டு என்பவர் 1914-ஆம் ஆண்டில் கொல்லிமலையிலே மிஷனெரிப் பெற்றோர்க்குப் பிறந்தார். இங்கிலாந்தில் கல்வி முடித்ததும் அவர் முதலிற் கற்றது வைத்தியமன்று, கட்டடவேலையும் தச்சுவேலையுமே. அவற்றிற் சில ஆண்டுகள் பழகியபின்னரே வைத்தியம் பயின்று சத்திரவைத்தியரானார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டில், செங்கற்பட்டை அடுத்த திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் குஷ்டரோக ஆசிரமத்தைப் பார்வையிடச் சென்றார். அதன் தலைவராயிருந்தவர் ராபர்ட் காக்ரேன் என்னும் பேர்பெற்ற வைத்தியர். அவ்விடம் இங்கிருந்து வெகுதூரமன்று. 1955-இல் அதனை இந்திய அரசாங்கத்தார் ஏற்றுக்கொண்டு ஆராய்ச்சி நிலையமாக்கினர்.

அங்கே விரல்கள் மடங்கிப்போயிருந்த ஒரு நோயாளியின் கையைப் பற்றி, இறுகப் பிடிக்குமாறு பிராண்டு சொன்னார். அவன் பிடித்த பிடியில் அவருக்கு வலி கண்டது. செத்துப்போன கை என்று உலகம் தள்ளிய கையில் உயிருள்ள தசைகள் இன்னும் இருக்கின்றன என்பது அக்கணத்தில் அவருக்கு விளங்கிற்று. அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியால், வேலை செய்யும் தசைநாரை எடுத்து மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரலை நிமிர்த்தும் சிகிச்சையை வேலூரில் வகுத்தனர். இன்னோர் உண்மையும் வெளியாயிற்று. குஷ்டரோகத்தால் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை. அந்நோய் உணர்ச்சி நரம்பை அழிக்கின்றது. உணர்ச்சியற்ற கை சூடான பாத்திரத்தைப் பற்றினும் தெரியாது. உணர்ச்சியற்ற கால் முள்ளை மிதித்து நடப்பினும் தெரியாது. அதனால் உண்டாகும் புண்ணே உறுப்பைக் கெடுக்கின்றது. வலி என்பது நாம் வெறுக்கும் பகைவனன்று, காவலன் என்று அவர் வாழ்நாள் முழுவதும் போதித்து வந்தார்.

இனித்தான் நம் பொருளுக்கு உரிய பகுதி வருகின்றது. கை நிமிர்ந்த நோயாளிகள் ஊருக்குத் திரும்பியபோது, முன்னிலும் அதிகமான துன்பத்துக்குள்ளாயினர். என்னை? கை முடங்கியிருந்த காலத்திற் பிச்சையாவது கிடைத்தது. கை நேரானபின் பிச்சையும் இல்லை. நோயின் பெயர் நீங்காமையால் வேலையும் இல்லை. நாம் செய்த உபகாரம் இவனைப் பட்டினிக்கு உள்ளாக்கியதே என்று பிராண்டு வருந்தினார். அப்போது அவருக்குக் கைகொடுத்தது வைத்தியமன்று. இளமையிற் கற்ற தச்சுவேலையே. 1951-ஆம் ஆண்டளவில் வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு எழுந்தது. மண்சுவர்க் குடில்களும் ஒரு தச்சுப்பட்டறையும் அமைந்தன. சத்திரவைத்தியரே இழைப்புளியைக் கையிற் பிடித்து, உணர்ச்சியற்ற கைகளுக்குக் காயம் படாமல் மரவேலை செய்யும் முறையைக் கற்பித்தார். அவர்கள் செய்த மரப்பொம்மைகள் விலையாயின. அவர்கள் கூலி பெற்றனர்.

கால்களைக் காக்கச் செருப்புத் தைப்போரின் துணை வேண்டியிருந்தது. மென்மையும் உறுதியுமுள்ள நுண்துளை ரப்பரைக்கொண்டு, பாதத்தின் பாரம் ஓரிடத்திலே அழுத்தாதவாறு செருப்புச் செய்யும் வழி கண்டனர். இன்று நீரிழிவினால் கால் மரத்துப்போனவர்கள் அணியும் எம்.சி.ஆர். செருப்பு என்பதும் அவ்வகையினதே. நம் வீடுகளில் எத்தனை பேர் அதனை அணிகின்றனர் என்பது உங்களுக்கே தெரியும். சத்திரவைத்தியரின் கத்தி திறந்த வழியைத் தச்சனின் உளியும், செருப்புத் தைப்போரின் ஊசியும் முடித்துவைத்தன. ஒன்றை உயர்வென்றும் மற்றொன்றைத் தாழ்வென்றும் வைத்து, அவற்றைச் செய்வோரையும் அவ்வாறே அடுக்கிவைத்த நம் சமூகத்துக்கு இஃது ஒரு பெரிய பாடம்.

இச்சரிதம் உணர்த்துவது யாதெனின், உதவி என்பது பெறுவோனை மறுபடியும் கைநீட்ட வைப்பதாய் முடிதலாகாது என்பதே. அவன் கையை அவனுக்கே மீட்டுக்கொடுப்பதாய் இருத்தல் வேண்டும்.

5. நம் கையிலுள்ளவை

நிற்க. நம் சங்கத்துக் குடும்பங்களின் கையில் உள்ளவை யாவை?

முதலாவது, வண்டி. நம்மில் லாரி ஓட்டுவோர், கம்பெனி பஸ் ஓட்டுவோர், வாடகைக் கார் ஓட்டுவோர் பலர். சென்னை பெங்களூர்ச் சாலையே நமக்கு எரிகோச் சாலை. அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டும், போலீஸ் விசாரணைக்கு அஞ்சி விலகுவோர் உண்டு. அவ்வச்சத்துக்கு இனி இடமில்லை. 2016-இல் உச்சநீதிமன்றம் அளித்த பாதுகாப்பும், 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவும், நல்லெண்ணத்தோடு உதவுவோரை வழக்குத் தொல்லையினின்றும் காக்கின்றன. உதவுவோன் தன் பெயரைச் சொல்லவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. ஆங்கிலத்தில் அச்சட்டம் அத்தகையோரைக் குறிக்கும் பெயர் யாது தெரியுமா? ‘நல்ல சமாரியன்’ என்பதே. 108-க்குச் சொல்லுதல், இரத்தம் ஒழுகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தல், முதுகு அடிபட்டவனை வீணே புரட்டாதிருத்தல் ஆகிய இவற்றை ஒவ்வொரு சாரதியும் கற்றிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, இயந்திரம் அறிந்த கண். பிரஸ் இயந்திரங்களில் இரண்டு கைகளும் இரண்டு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினாலன்றி அச்சு இறங்காதவாறு அமைத்திருப்பது, கை உள்ளே அகப்படாதிருத்தற்பொருட்டே. கை நுழைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்தடுப்பும் அதன்பொருட்டே. எண்ணிக்கை கூடவேண்டுமென்று ஒரு பொத்தானைக் கட்டிவைப்பதும், தடுப்பைச் செயலிழக்கச் செய்வதும் எங்கே நடப்பினும் அது விரலை விலையாக வைத்து ஆடும் சூதாட்டம். புதிதாய் வந்த பையன் அதனை அறியான். அறிந்தாலும் மறுத்துச் சொல்லத் துணியான். பல்லாண்டு பழகிய ஆப்பரேட்டர் ஒருவர் அவனருகே நின்று, “தம்பி, இதிலே கை வைக்காதே, இதை நான் மேலதிகாரியிடம் சொல்கிறேன்” என்று கூறுவாராயின், அது தேவாலயத்தில் இடும் காணிக்கையிலும் குறைந்ததாகாது. தமிழறியாத பையனாயின் கைச்சைகையால் காட்டலாமே. அப்படியிருந்தும் விரல் துண்டாகிவிட்டால், அத்துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டுசெல்லல் வேண்டும். பனிக்கட்டியில் நேரே இடுதல் கூடாது. இச்சிறு அறிவு ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்கும்.

மூன்றாவது, எழுத்து. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் 1948-இல் ஏற்பட்டது. ஆலையில் அடிபட்டவனுக்கும், வரம்புக்குட்பட்ட கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ. ஏற்பாட்டின்படி உரிமைகள் உண்டு. எனினும், பெயர்ப்பிழை, தேதிப்பிழை, பதியாத விபத்து அறிக்கை ஆகிய இவற்றால் உரிமை கைக்கு வராமற் போகின்றது. பிராவிடண்டு பணமும் அத்தகையதே. அன்று தர்க்காஸ்து மனு. இன்று இணையத்தில் நிரப்பும் படிவம். நம் பிள்ளைகள் கைப்பேசியில் நொடியில் செய்து முடிப்பதை, இரவு ஷிப்ட் முடிந்து வந்த ஓர் ஒடியாத் தொழிலாளி வாரக்கணக்கில் செய்யமாட்டாது தவிக்கின்றான்.

நான்காவது, அடுப்பும் ஊசியும். இது தாய்மார்களுக்குரியது. ஐந்து பேருக்குச் சமைக்கும் வீட்டில் ஆறாம் பேருக்குக் கஞ்சி மிகுதிச் செலவன்று. தையல் இயந்திரம் உள்ள வீடு, அயலூரிலிருந்து வந்து ஆலைவேலை இழந்த பெண்ணொருத்திக்கு மூன்று மாதம் தொழில் கற்பித்தால், ஈக்காட்டில் நடந்தது இங்கும் நடக்கும்.

ஐந்தாவது, வீடு. இதனைக் கூறும்போது யான் கூசாமற் பேசவேண்டியவனாய் இருக்கின்றேன். நிலம் விற்ற பணத்தைக்கொண்டு வாடகை அறைகள் கட்டியவர் நம்மிற் பலர். அறை கேட்டு வருவோனிடத்தில் முதலில் ஊரைக் கேட்டு, பின்பு பேரைக் கேட்டு, அதன்பின் சுற்றிவளைத்துக் குலத்தைக் கேட்டறிந்து, இடமில்லை என்று அனுப்பும் வழக்கம் எங்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையில் கோயிலுக்குச் சென்று சமாரியன் கதையைக் கேட்கும் வீட்டிலும் இவ்வழக்கம் இருப்பதுதான் துக்கம். பெத்லகேமில் சத்திரத்தில் இடமின்றித் தொழுவத்தில் பிறந்தவரைத் தெய்வமென்று வணங்குவோர், பூட்டிய அறையை வைத்துக்கொண்டு இடமில்லை என்று சொல்லலாமா? சிந்தித்தல் வேண்டும்.

6. சில ஆட்சேபங்கள்

“நம்மவர்க்கே இன்னும் எவ்வளவோ குறையிருக்க, அயலார்க்குச் செய்வது ஏன்?” என்று சிலர் கேட்பர். இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. தன் வீட்டாரைப் பேணாதவனைப் பவுல் அப்போஸ்தலரும் கண்டிக்கின்றார். ஆயின், நம் முன்னோர் இச்சங்கத்தை ஏன் ஏற்படுத்தினர்? பிறர் தத்தம் கதவை அடைத்தபோது, நமக்கென ஒரு கதவு வேண்டுமென்றே ஏற்படுத்தினர். அடைத்த கதவின் வெளியே நின்று அறிந்தவர்கள், தம் கதவைப் பிறர்க்கு அடைப்பது முன்னோரின் துன்பத்தை மறந்ததாகும். அன்றியும், திறன் பகிர்ந்தாற் குறையும் பொருளன்று. ஒருவனுக்கு வெல்டிங் கற்பிப்பதால் நம் பிள்ளைக்குக் கற்பிக்கும் வெல்டிங் குறைந்துவிடாது.

“இலவசமாய்ச் செய்தால் மதிப்பிராது, சோம்பேறிகள் பெருகுவர்” என்பர் வேறு சிலர். திருமணியும் வேலூரும் இதற்கு விடை கூறுகின்றன. திறனைக் கொடுத்தால் சோம்பல் வளராது, வேலையே வளரும். மேலும், கொடுக்கும் வேலை அரைகுறை வேலையாயிருத்தல் கூடாது. விலைக்குத் தைக்கும் சட்டைக்கு ஒரு தையலும், தருமத்துக்குத் தைக்கும் சட்டைக்கு ஒரு தையலும் இடுவோமாயின், பெறுவோன் அதனை உடனே அறிந்துகொள்வான். கிழிந்ததையும் உடைந்ததையும் தள்ளிவிடுவதற்குத் தருமம் என்று பெயரிடுதல் நன்றன்று.

“இவ்வுதவியெல்லாம் மதத்திற் சேர்ப்பதற்கு விரிக்கும் வலையன்றோ?” என்று கிறிஸ்தவரல்லாத சகோதரர் ஐயுறுவர். அவ்வையத்துக்குக் காரணமே இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால், சமாரியன் அடிபட்டவனை எதற்கும் உடன்படச் சொல்லவில்லை. அவன் பெயரைக் கேட்டதாகவுங் கதையில் இல்லை. விலை குறித்துச் செய்யும் உதவி வியாபாரமேயன்றித் தொண்டாகாது. கிறிஸ்தவனுக்குத் தன் விசுவாசம் தொண்டுக்கு ஊற்றாய் இருக்கட்டும். அத்தொண்டின் கூலியாய்ப் பிறனுடைய விசுவாசத்தைக் கேளாதிருக்கட்டும்.

7. விண்ணப்பம்

இனி, சங்கத்தார்முன் நான்கு விண்ணப்பங்களை வைக்கின்றேன்.

முதலாவது, சங்கத்துக்குச் சொந்தமான அண்டாக்கள், நாற்காலிகள், பந்தற் சாமான்கள், பிரேதம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டி ஆகியவை இன்று அங்கத்தினர் குடும்பங்களுக்கு மாத்திரமே வழங்கப்படுகின்றன. இவ்விதியை மாற்றுக. சாவு நேர்ந்த வீடு எவருடையதாயினும், அஸ்ஸாமியத் தொழிலாளி ஒருவன் வாடகை அறையில் இறந்தாலும், கேட்ட மாத்திரத்தில் வாடகையின்றிப் பெட்டியும் நாற்காலியும் செல்லவேண்டும். அவன் தாய்க்குப் பிள்ளையின் முகம் காணும்வரை உடலைக் காத்துக்கொடுப்பது எவ்வளவு பெரிய புண்ணியம் என்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, சங்கத்தில் ஒரு திறன் ஏடு திறக்கப்படுக. ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தெரிந்த தொழில் ஒன்றையும், இரவல் கொடுக்கக்கூடிய பொருள் ஒன்றையும், மாதத்தில் ஒதுக்கக்கூடிய நேரத்தையும் அதில் எழுதுக. ஏணி, துளைக்கருவி, தையல் இயந்திரம், சக்கர நாற்காலி, எதுவாயினும் எழுதலாம்.

மூன்றாவது, மாதந்தோறும் ஒரு ஞாயிறு மாலை, ஈ.எஸ்.ஐ., பிராவிடண்டு, ஆதார் முதலியவற்றின் காகிதங்களை எழுதிக்கொடுக்க நம் பிள்ளைகள் சங்கக் கட்டடத்தில் அமர்க. வருவோர் இன்னாரென்று வினவாதிருக்க.

நான்காவது, வாடகை வீடுடையோர், குலம் கேளாமல் அறை கொடுப்பதாகத் தமக்குள்ளே உறுதி செய்துகொள்க. இதனைத் தீர்மானமாக நிறைவேற்றச் சிலர் தயங்கக்கூடும். தயங்குவோர் இன்றிரவு வீடு சென்று, லூக்கா 10-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் தம் கருத்தைச் சொல்லுமாறு வேண்டுகின்றேன்.

அன்பர்களே! செல்வம் சேர்ந்தபின் தருமம் செய்வோம் என்றிருப்பவன் சாமானியமாய் ஒருபோதும் செய்வதில்லை. உளி பிடித்த கை உளியோடும், ஊசி பிடித்த கை ஊசியோடும், வண்டி பிடித்த கை வண்டியோடும் இன்றே தொடங்கலாம். நம் குலத்தின் பெயர் இப்பகுதியில் நிலைப்பதாயின், நம் கட்டடத்தின் உயரத்தால் நிலைக்கவேண்டா. ஊர்பேர் அறியாத ஒருவன் தன் நாடு திரும்பி, “ஒரகடத்தில் எனக்கு மனிதர் இருந்தனர்” என்று சொல்லும் சொல்லால் நிலைக்கட்டும்.